பழைய துப்பாக்கி சொல்லும் வரலாறு



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வேட்டைத் துப்பாக்கி புதிய பொருள் அன்று. இளஞ்செம்பனைக் கன்றுகளைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றியைச் சுட வருகிறவரின் தோளில் அதைப் பார்த்திருக்கிறோம். இரவில் தீம்பார்ப் பக்கமிருந்து கேட்கும் ஒற்றை வெடியோசையை லயத்துத் திண்ணையில் இருந்தபடியே இனங்கண்டிருக்கிறோம். போர்ட்டிக்சன் மாவட்டத்தில் புக்கிட் பெலண்டோக் என்ற ஊர் இருக்கிறதே, அந்தப் பெயருக்கே சருகுமான் குன்று என்பதுதான் பொருள். வேட்டைக்கும் காட்டுக்கும் அவ்வளவு நெருங்கிய மண் இது.

பழைய துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் உலகில் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு சாரார், பறக்கும் தட்டைச் சுடும் ‘டிராப்’ என்ற பந்தயத்துக்காகச் செய்யப்பட்ட பழந்துப்பாக்கிகளை மட்டும் சேர்க்கிறார்கள். சேர்ப்பதோடு நில்லாமல் அவற்றைக் கொண்டு சுட்டும் பார்க்கிறார்கள். ஒரு துப்பாக்கி கைக்கு வந்ததும் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, ‘இது அசல்தானா?’ என்பது. செய்தவன் கையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்கிறதா, இல்லை இடையில் எவராவது கைவைத்திருக்கிறார்களா? அந்தக் கேள்விக்கு விடை காணும் முறையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். துப்பாக்கியே இல்லாத நம் வீட்டுக்கும் அந்த முறையில் ஒரு பாடம் இருக்கிறது.

முதலில் நம் மண்ணின் கதை.

1948 ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. தோட்டங்களைக் காக்கச் சிறப்புக் காவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள். 1950 இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. சிதறி வாழ்ந்த மக்கள் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். அதே காலத்தில் ஊர்க்காவல் படையும் வளர்ந்தது. 1953 வாக்கில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். அந்தப் படையினரின் கைக்குப் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது வேட்டைத் துப்பாக்கிதான். பகலில் வேலை, இரவில் முறைக்காவல் என்று நின்றவர்கள் நம் தாத்தாக்களில் பலர். துப்பாக்கிக்கும் கணக்கு, தோட்டாவுக்கும் கணக்கு.

கணக்கு ஏன் அவ்வளவு கடுமை? அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பது அன்று மரண தண்டனைக்குரிய குற்றம். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஒரே இரும்புக் கருவிதான். ஒருவர் கையில் அது அரசாங்கம் கொடுத்த காவல். இன்னொருவர் கையில் அது கழுத்துக்குக் கயிறு. அவசரகாலம் 1960 ஜூலை 31 இல் முடிந்தது. அதே ஆண்டில் ஆயுதச் சட்டம் வந்தது. 1971 இல் தண்டனைகளைக் கடுமையாக்கிய இன்னொரு சட்டமும் சேர்ந்துகொண்டது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க இந்நாட்டில் எவருக்கும் உரிமை இல்லை.

ஆகவே தோட்டப்புறத்து மக்கள் துப்பாக்கியைக் காவலாகவும் அச்சமாகவுமே அறிந்திருக்கிறோம். அது விளையாட்டாக வளர்ந்த கதை வேறொரு திசையிலிருந்து வருகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் புறாச் சுடும் பந்தயம் பரவியது. உயிருள்ள புறாவைச் சிறு பெட்டியில் அடைத்து வைப்பார்கள். சுடுகிறவர் ‘இழு’ என்று குரல் கொடுப்பார். ஆள் கயிற்றை இழுக்க, பெட்டி திறக்கும். புறா பறக்கும்போது சுட வேண்டும். அந்தப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் ‘டிராப்’, அதாவது பொறி என்று பெயர். பந்தயத்துக்கும் அதுவே பெயராக நின்றுவிட்டது. 1900 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட உயிர்ப்புறாக்களைச் சுட்டார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த லியோன் டி லுண்டன் 21 பறவைகளை வீழ்த்தி முதலிடம் பெற்றார். பார்த்தவர்களுக்கே அது உவப்பாக இல்லை. இங்கிலாந்து 1921 இல் சட்டமியற்றி இந்தப் பழக்கத்தைத் தடுத்தது.

புறாவுக்கு மாற்று அதற்கு முன்பே தேடப்பட்டது. முதலில் கண்ணாடி உருண்டைகளை வீசினார்கள். உடையும்போது பறவை அடிபட்டது போலத் தோன்றட்டும் என்று சிலவற்றுக்குள் இறகுகளைக்கூட அடைத்தார்கள். உடைந்த சில்லுகள் வயலெல்லாம் சிதறிக் காலைக் கிழித்தன. 1880 இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி, மண்ணால் செய்த தட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நம் பிள்ளைகள் ஓட்டுச் சில்லைத் தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போகும்படி எறிவார்கள் அல்லவா? அது போன்ற விளையாட்டைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்வார்கள். சுட்ட மண் எளிதில் உடையவில்லை. எனவே பிறகு சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் கலந்து தட்டுச் செய்தார்கள். இன்றைய ஒலிம்பிக் தட்டின் குறுக்களவு 110 மில்லிமீட்டர். எடை ஏறத்தாழ 105 கிராம். பள்ளத்தில் மறைத்து வைத்த பொறிகளிலிருந்து அது சீறிக்கொண்டு எழும். எந்தத் திசையில் எழும் என்பது சுடுபவருக்குத் தெரியாது. ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள்.

இந்தப் பந்தயத்துக்கென்றே துப்பாக்கிகள் தனியாகச் செய்யப்பட்டன. காட்டில் நாளெல்லாம் சுமந்து திரிவதற்கான துப்பாக்கி இலேசாக இருக்க வேண்டும். பந்தயத் துப்பாக்கியோ கனமாக இருக்கும். நூற்றுக்கணக்கில் சுடும்போது தோளில் விழும் உதையை அந்தக் கனம் தாங்கிக்கொள்ளும். குழல் நீளமாக, 30 அல்லது 32 அங்குலம் இருக்கும். தட்டு மேல்நோக்கி எழுவதால், ரவையும் சற்று மேலே போகும்படி அடிக்கட்டை உயர்த்திச் செய்யப்படும். குழல் வாய் உட்புறம் சற்றே குறுகியிருக்கும். இதற்கு ‘சோக்’ என்று பெயர். தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் விடுகிறபோது குழாயின் நுனியை விரலால் அழுத்தினால் நீர் சிதறாமல் தொலைவு போகிறதல்லவா? அதுபோல ரவைகள் சிதறாமல் ஒன்றாகப் போவதற்கே இந்த ஏற்பாடு.

இப்படிச் சிறப்பாகச் செய்யப்பட்ட பழந்துப்பாக்கிக்கு விலை மிகுதி. விலை மிகுந்தால் வேடமும் வந்துவிடும். சாதாரண வேட்டைத் துப்பாக்கிக்குப் புதுக்கட்டை மாட்டிப் பந்தயத் துப்பாக்கி என்று விற்பவர்கள் உண்டு. தேய்ந்ததை மெருகேற்றிப் புத்தம்புதிது போலக் காட்டுபவர்களும் உண்டு. இதைக் கண்டுபிடிப்பது எப்படி? அனுபவம் மிக்கவர்கள் கையாளும் வழிகளை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வழி, எண்களை ஒப்பிடுவது. நல்ல துப்பாக்கியின் உடற்பகுதி, குழல், முன்கட்டையின் இரும்பு ஆகிய மூன்றிலும் ஒரே வரிசை எண் இருக்கும். மூன்றும் ஒத்தால் மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று மாறியிருந்தால் அது வேறு வீட்டிலிருந்து வந்தது.

இரண்டாவது வழி, சோதனை முத்திரைகளைப் படிப்பது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் துப்பாக்கியை விற்குமுன் அரசாங்கம் ஏற்ற சோதனைச் சாலையில் கூடுதல் மருந்து வைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடிக்காமல் தாங்கினால்தான் முத்திரை விழும். இங்கிலாந்தின் பர்மிங்காம் சோதனைச் சாலை 1813 இல் தோன்றியது. அதன் பழைய முத்திரையில் இரண்டு செங்கோல்கள் குறுக்காக இருக்கும். 1904 இல் அது மாறி, கிரீடமும் எழுத்துகளும் வந்தன. ஆகவே 1910 இல் செய்தது என்று சொல்லப்படும் துப்பாக்கியில் செங்கோல் முத்திரை மட்டும் இருந்தால், அந்தக் குழல் பழைய குழல் என்று தெரிந்துவிடும். பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து முத்திரை முட்டை வடிவில் ‘ஈ.எல்.ஜி’ என்ற எழுத்துகளோடு இருக்கும். 1893 முதல் அதன்மேல் கிரீடமும் உண்டு. புகழ்பெற்ற ஆங்கிலேயப் பட்டறையின் பெயரைச் சற்றே திரித்துப் பொறித்த மலிவுத் துப்பாக்கிகள் பல ஒரு காலத்தில் பெல்ஜியத்திலிருந்து உலகெங்கும் போயின. மேலே பெரிய பெயர் மின்னும். குழலைக் கழற்றி அடியில் பார்த்தால் லியேஜ் முத்திரை உண்மையைச் சொல்லிவிடும்.

மூன்றாவது வழி, குழலின் நீளத்தையும் வாயையும் பார்ப்பது. இரட்டைக்குழல் துப்பாக்கியில் இரண்டு குழல்களும் வாயருகே ஏறத்தாழ ஒட்டி நிற்கும். நடுவில் இடைவெளி தெரிந்தால் யாரோ நுனியை அறுத்திருக்கிறார்கள் என்று பொருள். இங்கே முத்திரையும் துணைக்கு வரும். 1887 முதல் இங்கிலாந்தில், வாய் குறுகிய குழலின் அடியில் ‘சோக்’ என்ற சொல்லையே பொறித்தார்கள். அடியில் அந்தச் சொல் இருக்கிறது, வாயிலோ குறுக்கமே இல்லை என்றால், குழல் அறுக்கப்பட்டிருக்கிறது அல்லது உள்ளே கடையப்பட்டிருக்கிறது. துப்பாக்கி தன் வாயாலேயே சாட்சி சொல்லிவிட்டது.

நான்காவது வழி, திருகாணிகளைப் பார்ப்பது. உயர்ந்த பட்டறைகளில் திருகாணித் தலையின் பிளவுகள் எல்லாம் துப்பாக்கியின் நீளவாக்கில் ஒரே நேராக நிற்கும்படி பொருத்துவார்கள். அவை கோணலாகவோ சிதைந்தோ இருந்தால் அறியாத கை அங்கே திருப்புளி போட்டிருக்கிறது.

ஐந்தாவது வழி, கட்டையும் இரும்பும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்ப்பது. தொடக்கத்தில் கட்டை இரும்பைவிட மயிரிழை உயர்ந்து நிற்கும். கட்டை தாழ்ந்து போயிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அதுபோலவே, பொறித்த எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். எழுத்து மழுங்கியிருக்கிறது, இரும்பு மட்டும் புதுக்கருநீலத்தில் பளபளக்கிறது என்றால், அந்தப் பளபளப்பு நேற்று வந்தது.

ஆறாவது வழி, ஓசை. குழல்களைத் தனியே கழற்றி, கொக்கியில் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார்கள். கோயில் மணி போல ஓசை நீண்டால் இணைப்புகள் உறுதி. ஓட்டைப் பானை போல ஒலித்தால் உள்ளே பற்றுவைப்பு விட்டிருக்கிறது. சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்கிய நம் பாட்டிமாருக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இந்த ஆய்வெல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிட வேண்டாம். இதில் உயிரும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றி, காய்ச்சி ஒட்டிக் குழல் செய்தார்கள். நீரலை போன்ற அழகிய கோலம் அதில் தெரியும். அதற்கு ‘டமாஸ்கஸ்’ குழல் என்று பெயர். அந்தப் பெயரிலும் ஓர் அசல், நகல் கதை உண்டு. டமாஸ்கஸ் வாள்கள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றுக்கான உருக்கு தென்னிந்தியாவிலிருந்து போனது. ஆங்கிலத்தில் அந்த உருக்கை ‘ஊட்ஸ்’ என்பார்கள். ‘உருக்கு’ என்று தமிழிலும் ‘உக்கு’ என்று கன்னடத்திலும் வழங்கும் சொற்களின் குடும்பத்திலிருந்து அது வந்தது என்பர். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் பழங்கால இரும்பு உலைகளின் எச்சங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. துப்பாக்கிக் குழலோ அந்த உருக்கால் ஆனதன்று. வெறும் பட்டைகளை ஒட்டிச் செய்து, கோலம் ஒத்திருந்ததால் அதே பெயரைச் சூட்டிக்கொண்டது.

அந்தக் குழல்கள் புகை மிகுந்த கரிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. பிறகு வந்த புகையற்ற மருந்தின் அழுத்தம் வேறு வகையானது. புதிய மருந்துக்குச் சோதிக்கப்படாத பழைய குழலில் இக்காலத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், குழல் கையிலேயே வெடிக்கக்கூடும். தோட்டாவின் நீளத்திலும் ஆபத்து உண்டு. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர். இக்காலத் தோட்டா பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். மடித்த நிலையில் புதிய தோட்டா பழைய அறைக்குள் தாராளமாக நுழைந்துவிடும். சுட்டவுடன் அதன் வாய் விரியும்போது இடம் போதாமல் குழலை நெரிக்கும், அழுத்தம் ஏறும். நுழைந்துவிட்டதே, பொருந்திவிட்டதே என்று நம்புவதுதான் மோசம். அதனால்தான் பழந்துப்பாக்கியால் சுடுகிறவர்கள், தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரிடம் காட்டிக் குழலின் கனத்தை அளந்து, சோதனை முத்திரையைப் படித்து, அதற்கேற்ற மெல்லிய தோட்டாவை மட்டுமே போடுகிறார்கள்.

இந்த விளையாட்டில் தமிழருக்கும் இடமுண்டா என்று கேட்கலாம். உண்டு. புதுக்கோட்டைத் தொண்டைமான் அரச குடும்பத்தில் பிறந்த பிரித்விராஜ் தொண்டைமான் டிராப் வீரர். 2023 அக்டோபர் முதல் நாள் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், டிராப் குழுப் பிரிவில் தங்கம் வென்ற இந்திய அணியின் மூவரில் அவர் ஒருவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அவர் இந்தியாவின் சார்பில் சுட்டார். புறாவைக் கொன்று தொடங்கிய பந்தயம், இன்று ஓர் உயிரையும் தொடாத விளையாட்டாகிவிட்டது.

நேயர்களே, இனி நம் வீட்டுக்கு வருவோம்.

முதலாவதாக ஓர் எச்சரிக்கை. பழைய தோட்டங்களில் மறுநடவுக்காக மண்ணைத் தோண்டும்போதும், இடிந்த கட்டடங்களை அகற்றும்போதும், துருப்பிடித்த துப்பாக்கியோ தோட்டாவோ கண்ணில் படலாம். அது அரும்பொருளாகவே இருக்கட்டும். கையால் எடுக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். உடனே காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். துருவேறிய தோட்டாவுக்குள்ளும் மருந்து உறங்கிக்கொண்டிருக்கும். சட்டமும் உறங்குவதில்லை. பழைய ஆயுதங்களைக் காண ஆவலிருந்தால் போர்ட்டிக்சனிலேயே இராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்வரலாம். 

இரண்டாவது செய்திதான் இன்று சொல்ல வந்ததன் சாரம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கினால் துலங்கும். பழைய சான்றுகளைத் துலக்கினால் அழியும். துப்பாக்கி சேர்ப்பவர்கள் தேய்ந்த முத்திரையைத் தொடவே மாட்டார்கள். மங்கிய நிறத்தோடு இருக்கும் அசலுக்கு, மின்னும் போலியைவிட மதிப்பு அதிகம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம்மிடம் பழந்துப்பாக்கி இல்லை. தகரப் பெட்டிக்குள் வேறு சில பொருள்கள் இருக்கின்றன. தாத்தா வந்த கப்பலின் சீட்டாக இருக்கலாம். 1948 இல் இந்நாட்டில் அறிமுகமான அடையாளக் கார்டாக இருக்கலாம். பிறப்புப் பத்திரம், தோட்டத்து வேலைச் சான்று, ஊர்க்காவல் படையில் நின்றபோது எடுத்த புகைப்படம் எதுவாகவும் இருக்கலாம். இவற்றுக்கும் வரிசை எண் உண்டு, முத்திரை உண்டு, கையொப்பம் உண்டு. எழுத்து மங்கிவிட்டதே என்று அதன் மேலேயே பேனாவால் எழுதாதீர்கள். பெயரில் பிழை இருக்கிறதே என்று வீட்டிலேயே திருத்தாதீர்கள். கிழிந்த இடத்தில் பசை நாடா ஒட்டாதீர்கள். திருத்திய தாளைப் பார்க்கும் அதிகாரிக்கு, திருகாணி சிதைந்த துப்பாக்கியைப் பார்ப்பவனுக்கு வரும் அதே ஐயம்தான் வரும். குடியுரிமைக்கும் சேமநிதிக்கும் நிலத்துக்கும் அலைந்தவர்களுக்கு அந்த ஐயத்தின் விலை தெரியும். திருத்தம் வேண்டுமானால் பதிவு அலுவலகத்தில் முறைப்படி செய்யுங்கள். அசலை உலர்ந்த உறையில் வையுங்கள். நகல் எடுத்து அதைப் புழங்குங்கள். புகைப்படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல, யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று குறித்து வையுங்கள்.

பெரிய பட்டறைகள் தாங்கள் செய்த துப்பாக்கிகளை எண் வாரியாகப் பேரேட்டில் பதிந்து வைத்தன. அதனால்தான் நூறு ஆண்டு கழிந்தும் ஒரு துப்பாக்கியின் பிறப்பைச் சொல்ல முடிகிறது. தோட்டங்கள் கைமாறின, சில மறைந்தும் போயின. அவற்றின் பேரேடுகள் எல்லாம் நம் கைக்குக் கிடைக்கப் போவதில்லை. ஆகவே, நம் குடும்பத்துப் பேரேட்டை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதுங்கள்.